டிக் போடாத போல்ட்

லாரிக்காரர் ஸ்பானரை போல்ட்டில் மாட்டி, முட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு தரம் இழுத்தார். ம்ஹும். போல்ட்டின் தலையில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டிருந்தது. சரியான கணக்குக்கு வாத்தியார் போடுவாரே, அதே மாதிரி, வாலை நீட்டி. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சலாக வந்தது.

கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளே ஹாலில், அந்த டிக்கைப் போட்ட ஆள் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார்.

"யாரது, எழவுக்கு வந்த மனுஷன் வண்டிக்கடியில பூந்துட்டாரு?" என்று நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர் கேட்டது லாரிக்காரர் காதில் விழுந்தது.

"சம்சாரத்தோட அண்ணன். லாரி ஓட்டினவரு," என்று பதில் சொன்னவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. எழுந்து வந்தாருன்னா உங்களையும் கழட்டிப் பாத்துருவாரு."

செத்துப்போனவர் லாரிக்காரருடைய தங்கை புருஷன். அச்சாபீஸில் பிழை திருத்துகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகத்துக்கு நேரே லாரிக்காரர் அவரை "மாப்பிள்ளை" என்பார். முதுகுக்குப் பின்னால் "பொஸ்தகம்". வண்டியில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும், வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, முதல் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள். ஒவ்வொரு நட்டையும் முடுக்கி, திரும்ப ஒரு தரம் முடுக்கிப் பார்த்து, டிக் போட்ட பிறகுதான் அடுத்ததுக்குக் கை போகும். படித்துவிட்டுச் செய்தால் ஒழுங்காகத்தான் செய்வார் என்று தங்கை சொல்வாள். லாரிக்காரர் நம்பியதில்லை.

அவர் யாரையுமே நம்பியதில்லை என்பது வேறு விஷயம். ஒர்க்‌ஷாப்காரன் பழைய சாமானைத் துடைத்துப் புதுசு என்று மாட்டுவான். டீசல் பிடிக்கிறவன் பேச்சுக் கொடுத்தே ஏமாற்றுவான். டாக்டர் ஏறிட்டுப் பார்க்காமலே மருந்து எழுதுவார். எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது. இவர்களிடமெல்லாம் ஒரு தடவையாவது ஏமாந்த பிறகுதான் நம்பிக்கையை விட்டார். மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் ஏமாறாமலே விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை ஓட்டுகிற வண்டியில் ஏற நேர்ந்தால், பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டே வருவார், இல்லாத பிரேக்கை மிதிக்கிற மாதிரி. அந்தப் பக்கத்து ரப்பர் விரிப்பு ஒரே இடத்தில் தேய்ந்து குழியாகிவிட்டது. "மச்சான், உங்க பக்கமும் ஒரு பிரேக் வச்சுத் தரட்டுமா?" என்று மாப்பிள்ளை சிரிப்பார். "இருக்கற பிரேக்கை ஒழுங்கா வச்சுக்குங்க, போதும்" என்பார் லாரிக்காரர்.

போன வாரம் போனில் பேசியதும் பிரேக் பற்றித்தான்.

"பிரேக் புடிச்சா ஸ்டியரிங் வெடவெடன்னு ஆடுது மச்சான். முன்னாடி டிஸ்க் ரெண்டும் தேஞ்சுபோச்சு. வீட்லயே மாத்திடலாம்னு இருக்கேன்."

"ஓடற வண்டியில சக்கரம் கழண்டு தனியாப் போனா என்ன பண்ணணும்னு பொஸ்தகத்துல எந்தப் பக்கம்னு பாத்து வச்சுக்குங்க."

"அதையும் பாத்துட்டேன்," என்று மாப்பிள்ளை சிரித்தார். லாரிக்காரர் போனை வைத்துவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம் தையல்காரர்தான் முதலில் பார்த்தார். "கழட்டி வச்ச சக்கரத்து மேல சாஞ்சு உக்காந்திருந்தாரு. சரி, களைப்பு போலன்னு நெனச்சேன். தண்ணி கொண்டாரட்டுமா சார்னு கேட்டேன். திரும்பக் கேட்டேன். அப்புறந்தான் கையத் தொட்டேன்." காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் இதை ஒரு சொல் மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

லாரிக்காரர் வந்து இறங்கியபோது மாப்பிள்ளையின் கார் வீட்டைப் பார்த்தபடி, மூக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டில் நின்றது. பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்திருந்தது. வண்டி நிற்கிற இடம் கேட்டை நோக்கிச் சரிவு. இடது முன்சக்கரம் மாட்டியிருந்தது. வலது பக்கம் மொட்டையாக இருந்தது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு ஹாலுக்குள் போனார். தங்கை, புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். அண்ணன் நின்றதைப் பார்த்தாள். அவர் மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார். கழுவிவிட்டிருந்தார்கள். ஆனாலும் நகக்கண்ணில் கறுப்பு மசி ஒட்டியிருந்தது.

"அண்ணா, வண்டி என்ன நெலமையில இருக்கு?" என்றாள் தங்கை.

"பாதியில நிக்குது."

"முடிச்சுடு."

பக்கத்தில் நின்ற அவள் மகள் குனிந்து, "அம்மா, வேற கார் சொல்லியாச்சு. மாமாவை எதுக்கும்மா இந்த வயசுல..." என்றாள்.

"அவர் வண்டியிலதான் அவர் பின்னாடி போவேன். வேற எவன் வண்டியிலயும் ஏற மாட்டேன்." அண்ணனைப் பார்த்தாள். "உன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. நான் நடந்து வரேன்."

"முடியாதுன்னு யாரு சொன்னா?" என்றார் லாரிக்காரர். சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு வெளியே வந்தார். "எடுக்கறதுக்குள்ள முடிச்சுரலாம்" என்று சொன்னது அவருக்கே சொல்லிக்கொண்டது மாதிரி இருந்தது.

தெரு முனையில் தனக்குத் தெரிந்த மெக்கானிக் பையன் இருக்கிறான், கூப்பிடட்டுமா என்று தையல்காரர் கேட்டார்.

"அவன் வேலை செய்யறதை நான் பக்கத்துல நின்னு பாக்கணும். அதுக்கு நானே செஞ்சுருவேன்."

முடியாமல் நின்ற வலது பக்கத்தைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். லாரிக்காரர் போனதோ முடிந்துவிட்ட இடது பக்கத்துக்கு. தங்கை ஏறப்போகிற வண்டி. பொஸ்தகம் பார்த்துச் செய்த வேலையை அப்படியே விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. சக்கரத்தின் நட்டுகளில் எல்லாம் டிக். ஸ்பானர் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். கையிலிருந்த மசி பட்டு டிக்குகள் அழிந்து சாம்பலாயின. சக்கரத்தை இறக்கினார்.

உள்ளே புது டிஸ்க் பளபளத்தது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு அது. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேடுகள் வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். கடையிலிருந்து வரும்போது துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசித்தான் வரும். அதைத் துடைக்காமல் மாட்டினால் பிரேக் வழுக்கும். நாள்பட்ட மெக்கானிக்குகளே கோட்டைவிடுகிற இடம். லாரிக்காரர் விரலை அழுத்தித் தட்டின் மேல் ஓட்டினார். முகர்ந்து பார்த்தார். சுத்தமாக இருந்தது. உள்பக்கம் கைவிட்டுத் தடவினார். அங்கேயும் சுத்தம். தட்டு உட்காருகிற இடத்தில் பழைய துருவைச் சுரண்டி எடுத்திருந்தது. பிறகுதான் போல்ட்டுகளுக்கு வந்தார். டிக் போட்ட போல்ட்டுகள். ஒன்றுகூட அசையவில்லை.

தங்கை மகள் டீ கொண்டுவந்தாள். மாட்டியிருந்த சக்கரம் தரையில் கிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"மாமா, இந்தப் பக்கம் அப்பா முடிச்சுட்டாரே."

"தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கழட்டினீங்க?"

"பாக்கறதுக்கு."

"செத்ததுக்கப்புறமும் அவரை நம்ப மாட்டீங்களா?" அவள் குரல் உடைந்தது. கேட்டருகே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "உங்க பேச்சை எல்லாம் சிரிச்சுட்டே கேட்டுட்டுப் போவாரு. போன் வச்சதும் பேசாம உக்காந்திருப்பாரு, அது தெரியுமா உங்களுக்கு?"

"உங்கம்மா ஏறப்போற வண்டி," என்றார் லாரிக்காரர்.

"இத்தனை வருஷமா எங்கம்மா யாரு வண்டியில போனாங்களாம்?"

அவர் டீயை வாங்கிக்கொண்டார். அவள் போய்விட்டாள். டீ சூடாக இருந்தது. இரண்டு மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைச் சுவரோரம் வைத்தார். சக்கரத்தைத் தூக்கி மாட்டி, நட்டுகளை முடுக்கிவிட்டு, வலது பக்கம் வந்து உட்கார்ந்தார்.

அங்கே எல்லாம் ஒரு ஒழுங்கில் இருந்தது. பழைய டிஸ்க் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. கழற்றிய போல்ட்டுகள் ஒரு தட்டில். புதுப் பேடுகள் காகிதம் பிரிக்காமல் தட்டுக்குப் பக்கத்தில். பேடுகளை அழுத்துகிற காலிப்பரைக் கழற்றி, சும்மா தொங்கவிடாமல், கம்பியால் மேலே கட்டி வைத்திருந்தது. அதன் பாரம் பிரேக் குழாயை இழுக்கக் கூடாதாம். லாரிக்காரர் கழற்றியிருந்தால் தொங்கட்டும் என்று விட்டிருப்பார். கம்பி முடிச்சைப் பார்த்தார். நூலில் முடிச்சுப் போட்டது போல அழகாக இருந்தது.

புது டிஸ்க் உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் பேடுகளைத் தாங்குகிற இரும்புச் சட்டமும் மாட்டியாகிவிட்டது. சட்டத்துக்கு இரண்டே போல்ட். மேல் போல்ட்டில் டிக் இருந்தது. ஸ்பானர் போட்டார். இழுத்தார். அசையவில்லை.

கீழ் போல்ட்டில் டிக் இல்லை.

ஸ்பானரை மாட்டி, பழக்கதோஷத்தில் பலமாக ஒரு இழுப்பு இழுத்தார். போல்ட் சுலபமாக அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றது.

லாரிக்காரர் கை ஸ்பானரிலேயே இருந்தது. தெருவில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம். தையல்காரர் புதிதாக வந்த யாருக்கோ, "சரி, களைப்பு போலன்னு நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். கழற்றிய சக்கரம் அங்கேதான் படுத்திருந்தது, கை எட்டுகிற தூரத்தில். அவ்வளவு கிட்டே.

மறுபடி திரும்பி, போல்ட்டை முடுக்கினார். திரும்ப ஒரு தரம் முடுக்கிப் பார்த்தார். அப்படிச் செய்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

பேடுகளைப் பொருத்தினார். புதுப் பேடு தடிமனாக இருக்கும். காலிப்பர் அதன் மேல் உட்கார வேண்டுமென்றால், அதற்குள்ளே இருக்கிற பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். மாப்பிள்ளை அதற்கென்று இறுக்கும் கருவி ஒன்றை எடுத்து, துடைத்து, தயாராக வைத்திருந்தார். லாரிக்காரர் அதை வைத்து மெல்ல மெல்லத் திருகினார். பிஸ்டன் உள்ளே போனது. கம்பியை அவிழ்த்துக் காலிப்பரை இறக்கி மாட்டினார். அவிழ்த்த கம்பியைத் தூக்கியெறியப் போனவர், சுருட்டிப் பெட்டிக்குள் போட்டார். சக்கரத்தை எடுக்கக் குனிந்தபோது அதற்கடியில் சாக்பீஸ் துண்டு கிடந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போல்ட்டைப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகிக்கொண்டார். சக்கரத்தை மாட்டினார்.

வேன் வந்துவிட்டது. ஹாலில் அழுகை ஒரு முறை எழுந்து அடங்கியது. வண்டியைப் பின்பக்கமாகத் தெருவுக்கு எடுத்து நிறுத்தினால்தான் மாப்பிள்ளையை வெளியே கொண்டுவர வழி கிடைக்கும்.

லாரிக்காரர் ஸ்டாண்டுகளை எடுத்து வண்டியை இறக்கினார். சக்கர நட்டுகளைக் கடைசியாக ஒரு முறை முடுக்கினார். பின்சக்கரத்துக் கற்களைக் காலால் தள்ளிவிட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே தங்கை மகளைக் கூப்பிட்டார்.

"ஏறி ஸ்டார்ட் பண்ணி ரோட்டுக்கு எடும்மா. மெதுவா."

அவள் ஏறினாள். இஞ்சின் கிளம்பியது. கேட்டை ஒட்டி நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரர் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை மகள் கைப்பிரேக்கில் கை வைத்தாள்.

"நில்லு!"

வாசலில் தங்கை நின்றாள். இஞ்சின் சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். மகளைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்:

"மிதிச்சாச்சா?"

லாரிக்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வண்டியின் கதவை எட்டிப் பிடித்தார். பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டால் பேடுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி. பிரேக்கைப் பல தடவை மிதித்து மிதித்துத்தான் பிஸ்டனைத் திரும்ப வெளியே வரவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியை எடுத்தால் முதல் மிதிக்கு ஒன்றுமே பிடிக்காது. அவர் காலமெல்லாம் ஓட்டிய லாரிக்குக் காற்று பிரேக். அதில் இந்தச் சோலியே கிடையாது.

"பிரேக்கை மிதி," என்றார் தங்கை மகளிடம்.

அவள் மிதித்தாள். பெடல் தடையில்லாமல் தரைவரைக்கும் போனது. கண்ணாடி வழியாகப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள்.

"மிதிச்சு விடு. மிதிச்சு விடு," என்றாள் அவள் அம்மா வாசலிலிருந்தே. "அவசரப்படாத. அவர் கீழ படுத்துகிட்டு சொல்லுவாரு, நான் உக்காந்து மிதிப்பேன். கல்லு மாதிரி ஆகற வரைக்கும் மிதி."

அவள் மிதித்தாள், விட்டாள், மிதித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பெடல் மேலேயே நிற்கத் தொடங்கியது. "ஆயிடுச்சும்மா," என்றாள் கடைசியில். "கெட்டியாயிடுச்சு."

லாரிக்காரர் போய்த் தையல்காரரை நாற்காலியோடு தள்ளி உட்காரச் சொன்னார். "ஏன், வண்டி நிக்காதா?" என்றார் தையல்காரர். "நிக்கும். நீங்கதான் நிறுத்த மாட்டேங்கறீங்க," என்றார் லாரிக்காரர். வழக்கமான குரல்தான். வண்டி அவரைத் தாண்டி மெதுவாக இறங்கித் தெருவில் நின்றது. சத்தமில்லாமல் நின்றது.

மாப்பிள்ளையைக் கொண்டுவந்து வேனில் ஏற்றினார்கள். தங்கை வண்டிக்கு நடந்து வந்தாள். கதவைத் திறக்காமல் முன்பக்கம் போய், வலது சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். இடது சக்கரத்துக்கு வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

"இதுல அவர் டிக் போட்டிருந்தாரே. அழிஞ்சிருக்கு."

லாரிக்காரர் தன் கையிலிருந்த மசியைப் பார்த்தார்.

"கழட்டிப் பாத்தியா?"

"ம்."

வேன் டிரைவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கிளம்பலாமா என்று கை காட்டினார். தங்கை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அண்ணா." வெயில் அவள் முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கவில்லை. "வாயத் தொறந்து சொல்லு. அவர் அங்கதான் இருக்காரு."

லாரிக்காரர் வேனைப் பார்த்தார். தெருவில் நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

"சரியா இருந்துச்சு," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு முறை சொன்னார். "மாப்பிள்ளை வேலை சுத்தமா இருந்துச்சு. நாந்தான் மிதிக்க மறந்துட்டேன்."

தங்கை தலையை ஆட்டினாள். பின் கதவைத் திறந்தாள். ஏறவில்லை.

"அப்ப டிக்கைப் போடு. டிக் போடாத வண்டியில என்னை ஏற விடமாட்டாரு."

இடுப்பிலிருந்து சாக்பீஸை எடுத்து, தெருவில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். பேனா பிடித்துப் பழக்கமில்லாத கை. முதல் டிக் தலைகீழாக வந்தது. விரலால் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். இந்தச் சக்கரத்தின் நட்டுகள் எல்லாவற்றுக்கும், பிறகு அந்தப் பக்கம் போய் அந்தச் சக்கரத்துக்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை. எழுந்திருக்க முடியாமல் வண்டியைப் பிடித்தபோது தையல்காரர் வந்து கை கொடுத்தார். லாரிக்காரர் பிடித்துக்கொண்டார்.

தங்கை பின்னால் ஏறினாள். அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

வேன் நகர்ந்தது. மனிதர் நடக்கிற வேகம்தான். பின்னாலேயே வண்டியும் நகர்ந்தது. "புது டிஸ்க்குக்குக் கொஞ்ச தூரம் இப்படித்தான் ஓட்டணும்னு அப்பா சொன்னாரு மாமா," என்றாள் தங்கை மகள், சாலையைப் பார்த்துக்கொண்டே. "அதட்டாம, மெதுவா."

"ம்," என்றார் லாரிக்காரர்.

தெரு திரும்புகிற இடத்தில் வேன் நின்றது. அவள் பிரேக்கைத் தொட்டாள். ஸ்டியரிங் ஆடவில்லை. வண்டி ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல், வேனுக்கு ஒரு முழம் பின்னால் வந்து நின்றது.

ரப்பர் விரிப்பில் தேய்ந்திருந்த குழிக்குப் பக்கத்தில் அவருடைய வலது கால் சும்மா கிடந்தது.